மருந்தின் நான்காவது பங்கு

(கொல்கத்தாவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்த காரியதரிசி, "நீங்கள் வங்கியில் இருந்தவராயிற்றே, முதியோர் சேமிப்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். அதைச் சொல்ல என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆகவே, நம் வீடுகளில் பெயரைச் சொல்லக்கூடத் தயங்கும் ஒரு வியாதியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டுக்கொண்டேன். என் பாட்டிக்கு அது வந்தபோது, வீட்டில் யாரும் புற்றுநோய் என்று சொன்னதில்லை. "அந்த வியாதி" என்றே சொன்னார்கள். பாட்டியிடமும் சொல்லவில்லை. பாட்டிக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நான் இன்று சொல்ல வந்தது வியாதியைப் பற்றி அல்ல. அந்த வியாதி வந்த ஓர் ஏழையின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி. அதற்கு முதலில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் 17 வருஷம் வேலை செய்தவரை நாங்கள் மாஷி என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அம்மாவின் சகோதரியை அப்படி அழைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் விடியற்காலையில் கேனிங் லோக்கலில் ஏறி, டாக்குரியாவில் இறங்கி, ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு மணியை அடிப்பாள். என் குழந்தைகள் அவள் கையில் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டு ஃபில்டர் காப்பிக்கு அவள் அடிமை. ஆனாலும் அவளுக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. சமையலறை ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கும். அதை அவளும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

2012-ஆம் வருஷம் அவள் புடவைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டே வேலை செய்ய ஆரம்பித்தாள். பல்வலி என்றாள். வெற்றிலையும் ஜர்தாவும் போடுகிற பழக்கம் உண்டு. சாப்பிட முடியாமல் போன பிறகுதான் நாங்கள் பலவந்தமாக டாக்டரிடம் அழைத்துப் போனோம். கன்னத்தின் உள்பக்கத்தில் புற்று. ஆபரேஷன், பிறகு ரேடியேஷன். நானும் என் மனைவியும் கணக்குப் பார்க்காமல் செலவழித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் வங்கிக்காரன், கணக்குப் பார்த்தேன். ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்கி வைத்தேன்.

ஆறு மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே அவளுடைய மகளிடம், "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாக்கியத்தை நானும் நம்பினேன். மாதாமாதம் சம்பளத்தை நிறுத்தாமல் மகளிடம் கொடுத்தனுப்பினேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து நாங்கள் நேரில் போனோம். கேனிங்கில் இறங்கி, வேன் ரிக்‌ஷாவில் வெகு தூரம் போய், தகரக் கூரை போட்ட வீடு. வாசலுக்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. கன்னத்தில் ஓட்டை, அதை ஒரு பழைய துணியால் மூடியிருந்தாள். அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ராத்திரியில் அவள் கத்துவது மூன்று வீடு தள்ளிக் கேட்கும் என்று மகள் சொன்னாள். அவளுக்கு வலிக்கென்று கொடுத்திருந்தது, நாம் ஜுரத்துக்குப் போட்டுக்கொள்கிற மாத்திரை. நான் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பணத்தையும் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து நின்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி கேட்டாள்: "ஏன்னா, நாலு மாசமா பணத்தை அனுப்பினோமே, வலிக்கறதான்னு ஒரு வார்த்தை யாராவது கேட்டோமா?" வீட்டுக்கு வந்து அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஸ்கேனுக்கு ரசீது இருந்தது, ஊசிக்கு இருந்தது, படுக்கைக்கு இருந்தது. வலிக்கென்று ஒரு வரி இல்லை.

அன்று ராத்திரி, கோழிக்கோட்டில் டாக்டராக இருக்கும் என் மனைவியின் அண்ணா பிள்ளைக்குப் போன் செய்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "அத்திம்பேர், அவாளுக்கு மார்ஃபின் குடுக்கறாளா?" நான், "மார்ஃபினா? அது போதை மருந்துன்னா?" என்றேன். அவன் பொறுமையாக விளக்கினான். அதன் பிறகு இந்த ஊரில் எத்தனை மருந்துக் கடை ஏறி இறங்கியிருப்பேன்! சிலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பாலியேட்டிவ் கேர் டாக்டர் கிடைத்தார். அவர் மாஷியின் வீட்டுக்கே வந்தார். வாய் வழியே விழுங்க முடியாததால் மூக்குக் குழாய் போட்டு, மார்ஃபினைக் கரைத்து அதில் நாலு மணிக்கு ஒரு தரம் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவச் சொன்னார். மூன்று நாளில் நாற்றம் பெருமளவு அடங்கியது. அதற்கு ஆன செலவு மிகவும் அற்பம்.

மாஷி அதன்பின் 23 நாள் இருந்தாள். அந்த 23 நாளும் தூங்கினாள். பேரனை மடியில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்ப வந்தார்கள். என் மனைவி ஃப்ளாஸ்க்கில் காப்பி எடுத்துப் போய், எங்கள் வீட்டு டபரா டம்ளரில் ஆற்றி, ஸ்பூனால் அவள் உதட்டை நனைத்தாள். அந்த டம்ளர் திரும்பி வந்து எங்கள் டம்ளர்களோடுதான் இருக்கிறது.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த 23 நாளுக்கு முன்னால் இருந்த நாலு மாதத்துக்காகச் சொல்கிறேன். "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொன்ன அன்றே செய்வதற்கு இத்தனை இருந்தது.

பெரியோர்களே, இது புதிய ஞானம் அல்ல. சரக ஸம்ஹிதை வைத்தியத்துக்கு நாலு கால்கள் என்று சொல்கிறது: வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவர், நோயாளி. நம் வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதே நான்கைத்தான் கூறுகிறார். நோயாளி வந்துவிட்டார், வைத்தியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. பணிவிடைக்காரர் என்ற நான்காவது பங்கைத்தான் நாம் விட்டுவிட்டோம். மூன்று காலில் நாற்காலி நிற்குமா?

அந்த நான்காவது பங்கை நம் காலத்தில் ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார். முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரியில் சமூக சேவகி, அதன்பிறகு படித்து டாக்டர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பின் வலி, மனசின் பயம், குடும்பத்தின் பணக்கவலை, "எனக்கு ஏன் இது வந்தது?" என்ற ஆத்ம வேதனை ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி, நான்கையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்றார். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ், மும்பையில் 1986-ல் வந்த சாந்தி அவேத்னா.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். ஆதரவுச் சிகிச்சை என்றால் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வியாதி கண்டுபிடித்த நாளிலிருந்தே அது தொடங்க வேண்டும். கீமோதெரபி சமயத்தில் வாந்தியை நிறுத்துவது, வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடாவும் கலந்து கொப்பளிக்கச் சொல்வது, மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கினால் கட்டுப் போட்டுப் பயிற்சி கொடுப்பது, என்ன நடக்கிறது என்பதை நோயாளிக்குப் புரிகிற பாஷையில் சொல்வது எல்லாமே இதில் சேர்ந்தவை. இவை சரியாகக் கிடைத்தால், பாதியில் சிகிச்சையை விட்டு ஓடுபவர்கள் குறைவார்கள்.

மார்ஃபினைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு மூன்று படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது. மூன்றாவது படியில் இருப்பது மார்ஃபின். ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்பு, 1985-ல், போதைப்பொருள் தடுப்புக்காக நம் நாட்டில் ஒரு கடுமையான சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் பல லைசென்ஸ், தவறினால் பத்து வருஷம் ஜெயில் என்றானதும், ஆஸ்பத்திரிகளும் கடைகளும் அந்த மருந்தைத் தொடுவதையே விட்டுவிட்டன. வேடிக்கை என்னவென்றால், மருந்துக்காகச் சட்டப்படி அபினிப் பயிர் வளர்க்கும் நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. இதே கல்கத்தாவில் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் அபினியை ஏலம் போட்டுச் சீனாவுக்கு அனுப்பும்படி வியாபாரம் நடத்தினான். ஊர் உலகத்துக்கெல்லாம் போனது; பக்கத்தில் கேனிங்கில் கிடந்தவளுக்குக் கிடைக்கவில்லை.

2014-ல் பார்லிமெண்ட் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் ஒரே அனுமதியோடு மார்ஃபின் வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. இதற்காகப் பல வருஷம் அலைந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். சட்டம் மாறிவிட்டது; பயம் இன்னும் முழுதாக மாறவில்லை. டாக்டர் கண்காணிப்பில், வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால், அது நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கிவிடும் என்றோ, உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடும் என்றோ பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவார்கள். நம் வீட்டிலேயே யாருக்காவது தேவைப்பட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கொல்கத்தாவுக்கு வருவோம். இந்த ஊரில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. ஹஸ்ராவில் சித்தரஞ்சன் புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1950 ஜனவரி 2-ஆம் தேதி திறந்து வைத்தவர், மேரி கியூரி அம்மையாரின் மகள் ஐரீன் ஜோலியட் கியூரி. பிறகு அவரே 1956-ல் ரத்தப் புற்றுநோயால் காலமானார். டாக்குர்புக்கூரில் டாக்டர் சரோஜ் குப்தா 1973-ல் ஒரு புற்றுநோய் மையத்தைத் தொடங்கினார். ராஜர்ஹாட் நியூ டவுனில் 2011-ல் டாடா மெடிக்கல் சென்டர் வந்தது. சித்தரஞ்சனின் இரண்டாவது வளாகமும் அங்கேயே 2022-ல் திறக்கப்பட்டது. தெருவில் கிடந்து சாகிறவர்களுக்காக, காளிகாட் கோவிலை ஒட்டிய சத்திரத்தில் அன்னை தெரசா 1952-ல் நிர்மல் ஹ்ருதய்யைத் தொடங்கினதும் இந்த ஊரில்தான்.

ஆனால் கோசாபா பக்கம் ஒரு தீவில் இருக்கும் கூலிக்காரரை நினைத்துப் பாருங்கள். படகு, பிறகு ஆட்டோ, பிறகு கேனிங் லோக்கல், பிறகு சியால்டாவிலிருந்து பஸ். கூட ஒருவர் வரவேண்டும். இரண்டு பேர் கூலி போயிற்று. மாநில அரசு 2016-ல் கொண்டுவந்த ஸ்வாஸ்த்ய சாத்தி போன்ற திட்டங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையின் செலவுக்குப் பெரிய உதவி. ஆனால் போக்குவரத்து, இழந்த கூலி, ஊரில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். வீட்டில் எல்லாருக்கும் பார்த்த பிறகுதான் தனக்கு. 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி நம் நாட்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம். இறந்தவர்கள் 9 லட்சத்துக்கு மேல். புதிதாகக் கண்டவர்களில் வாய்ப்புற்று மட்டும் 1 லட்சத்து 43 ஆயிரம். வலி முற்றினவர் பிரயாணம் செய்ய முடியாது. ஆகவே சிகிச்சைதான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

"அது நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். கேரளத்தில் நடந்திருக்கிறது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் ஒரு சின்ன சங்கமாக ஆரம்பித்தார்கள். டாக்டர்களால் மட்டும் முடியாது என்று அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. மலப்புரம் போன்ற ஜில்லாக்களில் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆசிரியர்கள், கடைக்காரர்கள், குடும்பப் பெண்கள், கல்லூரி மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கினார்கள். மருந்தை டாக்டர் தீர்மானிப்பார். கட்டு மாற்றுவது நர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, அரிசி வாங்கித் தருவது, குழந்தையின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஏற்பாடு செய்வது தொண்டர்கள். 2008-ல் கேரள அரசே இதைக் கொள்கையாக ஏற்று, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பாரம்பரியம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923-ல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை 31 வருஷம் மனசில் வைத்திருந்து, 1954-ல் அடையாறில் கேன்சர் இன்ஸ்டிடியூட்டை உருவாக்கினார். அதற்குத் தம் வாழ்நாளையே கொடுத்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும் வரை, ஏழை என்பதால் யாரும் திரும்பிப் போகக்கூடாது என்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தார்.

சரி, நம்மால் என்ன முடியும்? இந்தப் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. ஆகவே எல்லா ஊர் அங்கத்தினர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பாஷை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லாட்ஜ்களில் வங்காள எழுத்தில் பலகை; சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு. ஹௌராவிலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயிலில் பாதிப் பெட்டி நோயாளிகள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. நமக்கு இரண்டும் தெரியும். ஐம்பது வருஷம் இந்த மண்ணின் உப்பைத் தின்றிருக்கிறோம். டாக்டர் சொன்னதை வங்காளத்தில் போனில் விளக்கிச் சொல்ல, இந்தச் சபையில் பத்துப் பேர் முன்வந்தால் அது பெரிய கைங்கர்யம். வேலூரிலும் சென்னையிலும் உள்ள உறுப்பினர்கள் நோயாளியின் பக்கத்தில் நிற்கட்டும். நாம் இங்கிருந்து பேசுவோம்.

இரண்டாவது, தகவல். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரி உரிய படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதும் இதை நிறுத்தவில்லை. நம் வீட்டில் வேலை செய்பவர்கள், வாட்ச்மேன், டிரைவர் ஆகியோரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு காகிதத்தில் வங்காளத்தில் எழுதிக் கொடுங்கள். தங்குவதற்கு ராஜர்ஹாட்டில் டாடா மெடிக்கல் சென்டரின் பிரேமாஷ்ரயா போன்ற இடங்கள் இருப்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாவது, பயிற்சி. டாக்டர் ராஜகோபால் 2003-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா போன்ற அமைப்புகள் தொண்டர்களுக்குப் பயிற்சி தருகின்றன. ரிட்டயரான பிறகு பொழுது போகவில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. நானே 66 வயதில் கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் கை நடுங்கியது. இரண்டாம் நாள் நடுங்கவில்லை.

நான்காவது, மனத்தடை. நம்மில் பலர் மடி ஆசாரம் பார்ப்பவர்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் புற்றுநோய் தொற்று வியாதி அல்ல. தொட்டால் வராது, ஒரே பாத்திரத்தில் குடித்தால் வராது. ஸ்நானம் செய்துவிட்டுப் பூஜை செய்யலாம். ஆனால் நோயாளியைத் தள்ளி வைத்துவிட்டு எதைச் செய்தாலும் அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும். சிரார்த்தத்தன்று செய்யும் தானத்தில் ஒரு பகுதியை, ஒரு நோயாளியின் ஒரு மாத வலி மருந்துக்கு என்று எடுத்து வைக்கலாம். நான் மாஷியின் திதியைக் குறித்து வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் அப்படித்தான் செய்கிறேன். அது சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பணத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது, உங்கள் வீட்டிலோ, உங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்பவரின் வீட்டிலோ இந்த வியாதி இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் போன் செய்து கேளுங்கள்: "வலிக்கிறதா? ராத்திரி தூங்க முடிகிறதா?" அந்தக் கேள்வியை நான் நாலு மாதம் தாமதமாகக் கேட்டேன். நீங்கள் இன்றே கேளுங்கள்.